நாலு வயது மகளுக்கு வீட்டிலேயே தாளம் சொல்லித்தர முடியுமா? எனக்குப் பாடவே வராது

தாராளமாக முடியும். நான் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் எடுக்கிறேன், அங்கே எனக்கு அதிகம் கைகொடுப்பது ஒரு காலி பால்பவுடர் டப்பாதான்.

பல வீடுகளில் போனில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு "தாளத்துக்கு ஆடு" என்பார்கள். நாலு வயதுக்கு அது கஷ்டம். இந்த வயதில் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் வேகம் நம்முடையதைவிட அதிகம், வெளியிலிருந்து வரும் தாளத்துக்காக அதைக் குறைத்துக்கொள்வது இன்னும் கைவராத வித்தை. அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். அவள் ஹாலில் நடக்கட்டும், அவள் கால் விழும்போதெல்லாம் நீங்கள் டப்பாவைத் தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில், அம்மா தன் காலைப் பார்த்துத்தான் தட்டுகிறாள் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிடும். வேண்டுமென்றே ஓடுவாள், நிற்பாள், உங்களை ஏமாற்றப் பார்ப்பாள். ஏமாறுங்கள். அது நன்றாகப் பழகியதும் நீங்கள் சட்டென்று தட்டுவதை நிறுத்திப் பாருங்கள். முதலில் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டுத்தான் நிற்பாள், சில சமயம் ஒரு கால் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கூடுதல் அடி குறையக் குறைய, காது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேகம் கூட்டுவது, குறைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜெனீவா இசைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950), நன்றாக வாசிக்கும் மாணவர்களே லயத்தில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, அவர்களை நடக்கவைத்தே பாடம் எடுத்தார். நம் பிள்ளைத்தமிழிலும் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று, குழந்தை அசைந்தாடுவதும் கைகொட்டுவதும் தனித்தனிப் பருவமாகவே இருக்கின்றன.

அடுத்தது சொற்கட்டு, அதாவது தாளத்தை "தக, தகிட" என்று வாயால் சொல்வது. இதற்குத் தின்பண்டங்கள் போதும். "இட்லி" இரண்டு தட்டு, அதாவது தக. "கடலை" மூன்று, தகிட. "அதிரசம்" நாலு, தகதிமி. "இட்லி கடலை, இட்லி கடலை" என்று விடாமல் சொன்னால் ஐந்து, கண்டம் எனப்படும் ஐந்தெண்ணிக்கைத் தாளம் வந்துவிட்டது. "கடலை அதிரசம்" ஏழு, அதற்குப் பேர் மிஸ்ரம். பெரியவர்கள் விரல்விட்டு எண்ணியும் தவறவிடுகிற மிஸ்ரத்தை, பிள்ளைகள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தபடி சொல்லிவிட்டுப் போவார்கள். கண்டம், மிஸ்ரம் என்ற பேரையெல்லாம் அவளிடம் இப்போது எடுக்கவே வேண்டாம்.

பாட வராது என்கிறீர்கள், பரவாயில்லை, பாடுங்கள். அவளுக்குச் சுருதி சேராவிட்டாலும் திருத்தாதீர்கள். வீட்டில் அப்பா பாடுவதானால் கொஞ்சம் மேலே எடுத்துப் பாடச் சொல்லுங்கள், ஆண்குரலின் அடித்தொண்டை பிள்ளைகளுக்கு எட்டாது.

வகுப்பு? பாட்டு வகுப்பின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி இரண்டுக்குமே இந்த வயதில் அவசரம் இல்லை என்பது என் கட்சி. சேர்த்தே ஆகவேண்டும் என்றால், முதலில் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். பாதி நேரத்துக்கு மேல் பிள்ளைகள் சம்மணம் போட்டே இருக்கிறார்கள் என்றால், இரண்டு வருடம் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆண்டு விழாவுக்காக ஒரே சினிமாப் பாட்டை மாதக்கணக்கில் ஓட்டுகிற இடமென்றால் சொல்லக்கூட வேண்டாம், வந்துவிடுங்கள்.