மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய துப்பாக்கிகளில் தாயத்தும் சோழியும் கட்டியிருப்பது அழகுக்காகவா?

அழகுக்காக இல்லை. குறி தப்பாமல் இருக்கக் கட்டுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் பாதிதான் சரி. மாலி, கினி, ஐவரி கோஸ்ட், புர்கினா பாசோ பகுதிகளில் தோன்சோ அல்லது தோசோ எனப்படும் வேட்டைக்காரர் சங்கங்கள் உண்டு. நான் படித்த வரையில், குறி தப்புவதைவிடத் தப்பாமல் படுவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம்.

உயிருள்ள எல்லாவற்றிலும் நியாமா என்றொரு சக்தி இருக்கிறது, விலங்கைக் கொன்றால் அது கிளம்பி வந்து கொன்றவனையே தாக்கும் என்பது அங்குள்ள மாண்டே மக்களின் நம்பிக்கை. ஆகவே காவல் தேவைப்படுவது சுடுகிறவனுக்கு. அவன் சட்டையிலும் தோல் பைகள், கொம்பு, நகம், சின்னக் கண்ணாடிகள் எல்லாம் தைத்திருக்கும். துப்பாக்கியைச் செய்து தருவதும் பெரும்பாலும் ஊர்க் கொல்லர்தான். இரும்பையும் நெருப்பையும் ஆளுகிற அவருக்கு நியாமாவையும் கையாளத் தெரியும் என்பார்கள். தவிர, கையால் அடித்த குழலில் கருமருந்தைக் கிட்டித்துச் சுடும்போது அது முகத்திலேயே வெடிக்கலாம். அந்த நிலையில் நானாக இருந்தாலும் ஒரு தாயத்துக் கட்டியிருப்பேன்!

சரி, தோல் பைக்குள் என்ன? சிலவற்றில் வேர், மூலிகைப் பொடி. சிலவற்றில் குர்ஆன் வசனம் எழுதி மடித்த காகிதம். இதை முஸ்லிம்கள் மட்டும் வாங்கவில்லை. இன்றைய கானாவில் ஆண்ட அசாந்தே மன்னர்கள் முஸ்லிம்கள் அல்லர், ஆனாலும் முஸ்லிம் அறிஞர்கள் எழுதிய தாயத்துகளைப் போர்ச் சட்டை முழுக்கத் தைத்துக்கொண்டார்கள். 1817இல் அசாந்தே தலைநகரான குமாசிக்குப் போன ஆங்கிலேயர் பௌடிச் இந்தத் தாயத்து மோகத்தை எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு இதில் பிடிபடவே நாளானது, தாயத்தோடு வரும் விலக்குகள்தான், அதாவது கட்டியவன் செய்யக் கூடாதவை. சியரா லியோன் உள்நாட்டுப் போரில் (1991–2002) கமாஜோர் என்ற வேட்டைக்காரப் படையினர், சடங்கு முடித்தால் குண்டு துளைக்காது என்று நம்பினார்கள். ஆனால் கொள்ளையடிக்கக் கூடாது, சண்டைக்கு முன் பெண்ணைத் தொடக் கூடாது. குண்டு பட்டு ஒருவன் செத்தால் அவன் விலக்கை மீறிவிட்டான் என்று அர்த்தம், தாயத்தின் மேல் பழி வராது. கேட்க நல்ல ஒழுக்க விதி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சடங்கை நடத்திய தலைமைப் பூசாரி கொண்டேவாவையே 2007இல் சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் போர்க்குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.