பச்சை கூடினால் ஆறு நலமா?

கேள்வி: செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஓர் ஆற்று வடிநிலத்தின் தாவர மாற்றத்தை ஆராய்கிறேன். இருபது ஆண்டுகளில் பச்சை கூடியிருக்கிறது. ஆறு நலமாக இருக்கிறது என்று எழுதலாமா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. நானும் முதல் ஆய்வில் அப்படித்தான் எழுதினேன். பிறகு கரையோரம் நடந்து பார்த்துத்தான் திருத்தினேன்.

நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும்; கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். படத்தின் பச்சையை எண்ணாகச் சொல்லும் உங்கள் தாவரக் குறியீடு இந்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. அது காடா, பயிரா, களையா என்று சொல்லாது. நிலத்தடி நீரை இறைத்து இன்னொரு போகம் விளைவித்தாலும் எண் ஏறும். ஆகாயத்தாமரை நீரை மூடினாலும் ஏறும். அதனால் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் 30 மீட்டர் படங்கள் (ஒரு புள்ளி 30 மீட்டர் சதுர நிலம்) 1982-லிருந்து எடுக்கப்படுகின்றன, 2008 முதல் இலவசம். இருபது ஆண்டோடு ஏன் நிற்க வேண்டும்?

சரி, கரையோர மரங்களுக்கு வருகிறேன். என் மனம் எப்போதும் அங்கேதான். வில்லோ, பாப்லர் விதைகளுக்கு உயிர் சில வாரங்கள்தான். அதற்குள் வெள்ளம் வடிந்த புது வண்டலில் விழ வேண்டும். ஈரமும் வேர் இறங்கும் வேகத்தில்தான் கீழே போக வேண்டும். மேலே அணை கட்டி வெள்ளத்தை நிறுத்திவிட்டால் புது வண்டல் ஏது? பழைய மரங்கள் பல பத்தாண்டுகள் தழைத்து நிற்கும், படத்திலும் பச்சை குறையாது. உள்ளே போனால் ஒரு கன்றுகூட இருக்காது. பேரப்பிள்ளை இல்லாத வீடு மாதிரி.

2014 வசந்தத்தில் மெக்சிகோவில் உள்ள கொலராடோ ஆற்றின் வறண்ட கழிமுகத்துக்கு, அமெரிக்க எல்லையில் உள்ள மொரெலோஸ் அணை வழியாக சுமார் எட்டு வாரம் நீர் விட்டார்கள். பச்சை கூடியது. ஆனால் முன்கூட்டியே களை அகற்றி மண்ணைத் திறந்து வைத்த இடங்களில்தான் நாட்டு மரக்கன்றுகள் நன்றாக வந்தன. மற்ற இடங்களில் வெளியிலிருந்து வந்து பரவிய டாமரிஸ்க் என்ற புதர்மரமே அதிகம். குறியீட்டுக்கு இரண்டும் பச்சைதான்.

ஆகவே நீர் விளிம்பிலிருந்து பழைய மேட்டுக்கரை வரை ஓர் அளவு நாடாவை நீட்டி, அந்தக் கோட்டில் எந்த மரம், என்ன பருமன் என்று குறியுங்கள். அடிமரப் பருமனைவிடக் கன்றுகளின் எண்ணிக்கை முக்கியம். வெள்ளம் வடிந்து சில வாரங்களில் போங்கள். அப்போது அவை விரல் உயரம்தான் இருக்கும், குனிந்து தேட வேண்டும்.