கை மரத்துப்போவதற்கு வயிற்றில் ஆபரேஷனா?

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 46 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 92 கிலோ எடை, அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தோல் எடுக்கிற வேலை. சில மாதங்களாக நடுராத்திரியில் வலது கை மரத்து எரிகிறது, எழுந்து உட்கார்ந்து உதறினால்தான் தணிகிறது. தெரிந்த ஒருவர், "எல்லாம் உடம்பு கனத்தால் வருவது, திருவனந்தபுரத்தில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தால் கையும் சரியாகிவிடும், நான் ஏற்பாடு செய்கிறேன்" என்கிறாராம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

கைக்காக என்றால் வைக்காதீர்கள்.

முதலில் எந்த விரல்கள் மரக்கின்றன என்று அம்மாவிடம் கேளுங்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் பெரும்பாலும் கார்ப்பல் டன்னல்தான். மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு, அதில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். உடல் பருமன் இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையும் தைராய்டும் காரணம், நாள் முழுக்க மணிக்கட்டை மடக்கிப் பெருவிரலை அழுத்திச் செய்கிற அந்த வேலையும் காரணம். எடை குறைந்தால் சிலருக்குச் சற்றுத் தணியலாம், அதை நம்பி நசுங்கிக்கொண்டிருக்கும் நரம்பைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கிற பட்டி ஒன்றைச் சில வாரம் கட்டிப் படுக்கட்டும், சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். கேட்கவில்லை என்றால் நரம்பு ஓட்டப் பரிசோதனை, ஊசி, அதற்கும் மேல் உள்ளங்கையில் சிறிய கீறலாகப் போட்டு அந்தப் பட்டையை விடுவிக்கிற ஆபரேஷன். கையை மட்டும் மரக்கவைத்துச் செய்து பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு ஓபியில் காட்டுங்கள். பொதுவாக அரசு ஆஸ்பத்திரிகளில் எலும்பு ஓபியிலிருந்து நரம்பு ஓபிக்கு, அங்கிருந்து மறுபடி எலும்புக்கு என்று ஒரு நாள் கூலியை இழந்து வந்தவர்களை அலையவிடுவதைப் பார்க்கும்போது எனக்கே ஆத்திரம் வருகிறது. இந்த அலைச்சல்தான் ஏஜெண்டுகளுக்குச் சோறு போடுகிறது.

அந்தத் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கமிஷன் வாங்குகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், மூட்டு வலிக்கும் கை மரப்புக்கும் கூட ஒரே பேக்கேஜ் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லாது என்று வாயால் அடித்துவிடுவார்கள். செல்லுமா செல்லாதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேளுங்கள். எழுத்தில் மதிப்பீடு தராத இடத்தில் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மரப்பு சுண்டுவிரலில் இருந்தால் கதை வேறு. அந்த விரலுக்கு வருகிற நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டிப் போகிறது, மேசை விளிம்பில் இடித்தால் சுரீரென்று ஓடுமே, அதுதான். அங்கே கொழுப்பு ஒருவகையில் மெத்தை. எடை வேகமாகக் கரைந்தால் மெத்தை போய் நரம்பு இன்னும் அழுந்தலாம். அதனால் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சுண்டுவிரல் மரக்கத் தொடங்கினால் "உடம்பு இளைக்கிறது, அப்படித்தான்" என்று விடாமல் காட்ட வேண்டும். முழங்கையை ஊன்றி உட்காருவதையும், மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குவதையும் நிறுத்த வேண்டும்.

அம்மாவின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 38 வருகிறது. சர்க்கரை, பிரஷர், குறட்டையோடு மூச்சுத் திணறல் இருந்தால் வயிற்று ஆபரேஷனைப் பற்றி யோசிப்பது நியாயம்தான், ஆனால் அது தனி முடிவு. செய்துகொண்டால் பி12 உள்ளிட்ட சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும், வாந்தி நிற்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஏனென்றால் தயமின் என்கிற பி1 சத்து குறைந்தாலும் நரம்பு கெடும்.

இப்போதைக்கு அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது பெருவிரலின் அடிச்சதை இடதைவிடச் சப்பிப்போயிருந்தாலோ, ஜாக்கெட் ஊக்கு போட முடியாமல் கைநழுவினாலோ பட்டி கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள்.