பிசியோதெரபி பில்லை இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுத்தால்?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிட்டது. பிறகு மூன்று மாதம் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அந்த பில்லை மட்டும், ‘டாக்டர் பரிந்துரை இல்லை, காலவரம்பும் தாண்டிவிட்டது’ என்று மொத்தமாக மறுத்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் பாலிசியை எடுத்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் ஆகும் செலவு பற்றிய பிரிவைப் படியுங்கள். பல பாலிசிகளில் இது 60 நாள்; சிலவற்றில் கூடுதலாக இருக்கும். அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து அல்ல, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுடையது 60 நாள் என்றால் மூன்றாவது மாதத்துப் பணத்தை விட்டுவிடுங்கள். கிடைக்காததையும் சேர்த்துக் கேட்டால், கிடைக்க வேண்டியதும் இழுபடும். மூன்று மாதத்துக்கும் ஒரே ரசீதாக வாங்கியிருந்தால், எந்தெந்தத் தேதியில் பயிற்சி, எவ்வளவு கட்டணம் என்று பிசியோதெரபிஸ்டிடம் பிரித்து எழுதி வாங்குங்கள். அவருடைய கையெழுத்தும் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி. மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, யாரும் படிக்காத இடத்தில், ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவே பரிந்துரைதான். இல்லையா? அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பயிற்சி இல்லாவிட்டால் மூட்டு இறுகி, கால் மடங்காமல் போகலாம். சிலருக்கு மறுபடி மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைகூட வரும். ஆகவே இது சிகிச்சையின் தொடர்ச்சி என்பதை அவர் எழுதித் தரட்டும். ஒன்று, கடிதத்தில் எழுதும் நாளின் தேதிதான் இருக்க வேண்டும். ‘முன்தேதி போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது நல்லெண்ணத்தில் சொன்னாலும் வேண்டாம். அது தெரியவந்தால் உண்மையான பில்லும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இவற்றை வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரியிடம், போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவும் முடியாது. எனக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம். பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் மனுவில் கையெழுத்திட வேண்டும்.

அங்கேயும் சரிவரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஆம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுக்கமாட்டார். ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதல் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே அதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.