ஹாட் ஸ்டாம்பிங் தகட்டைச் சூடாக்க இண்டக்‌ஷன் சரிவருமா?

ஹாட் ஸ்டாம்பிங் என்றால் எஃகுத் தகட்டைப் பழுக்கச் சூடாக்கி, அச்சில் அழுத்தி அங்கேயே குளிரவைத்துக் கடினமாக்குவது. புதுச்சேரி சேதராப்பட்டில் இருக்கிற உங்கள் பிரஸ் ஷாப்பில், தகட்டை உருளைகள் மேல் நகர்த்திச் சூடாக்கும் ரோலர் உலை ரொம்ப இடத்தை அடைக்கிறது, மின்காயிலின் காந்தப்புலத்தால் சூடாக்கும் இண்டக்‌ஷனுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி மாறுங்கள், முழுசாக வேண்டாம். போரான் எஃகு 900 டிகிரியைத் தாண்டி முழுக்க ஆஸ்டெனைட் (அந்தச் சூட்டில் எஃகு எடுக்கும் படிக அமைப்பு) ஆன பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும்; இண்டக்‌ஷன் சுமார் 770 டிகிரி வரை பிரமாதமாக ஓடும், அதற்கு மேல் எஃகு காந்தத்தன்மையை இழந்துவிடுவதால் அதே காயில் திணறும். மீதிச் சூட்டை ஒரு குட்டை உலை பார்த்துக்கொள்ளட்டும்.

தகட்டில் அலுமினியம்-சிலிக்கான் பூச்சு இருக்கிறதா? அப்படியென்றால் அவசரமே கூடாது. அது 600 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே உருகத் தொடங்கும், எஃகிலுள்ள இரும்பு ஊடுருவி அதைக் கெட்டியாக்க நேரம் கொடுக்காமல் விரட்டினால் காந்த விசை உருகிய பூச்சை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

தகட்டிலேயே மின்சாரம் பாய்ச்சுவது இன்னும் வேகம், ஆனால் நேரான செவ்வகத் துண்டுக்குத்தான் லாயக்கு.

அப்புறம், நம்மூர்க் கடற்காற்று. ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். உலைக்குள் ஈரம் இருந்தால் பூச்சுள்ள தகடு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும், பாகம் பிற்பாடு விரிசல் விடலாம். உலர் காற்று அனுப்பி, பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையை) பூஜ்ஜியத்துக்குக் கீழே வையுங்கள்; காயில் வாங்குவதற்கு முன்னால் இந்தச் செலவைத்தான் நான் செய்வேன்.