சாமையில் குருத்து ஈ: மருந்துக்கு முன்னால் விதையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் கொல்லிமலை, வளப்பூர் நாட்டுக்காரர்கள். ஒரு ஏக்கர் சரிவுக் காட்டில் சாமை போட்டிருக்கிறேன். எப்போதும் வைகாசி மழைக்கே விதைத்துவிடுவோம். இந்த வருஷம் வீட்டில் விதை இல்லை. கீழே கடையில் வாங்கி வந்து விதைப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. பயிருக்கு இப்போது இருபத்தைந்து நாள். பத்துப் பயிரில் மூன்று நான்குக்கு நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது, இழுத்தால் கையோடு வருகிறது. கடைக்காரர் குருணை மருந்து கொடுத்தார், போட்டேன், கேட்கவில்லை. இப்போது ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா? வீட்டுக்காரர் அடுத்த வருஷம் முழுக்க மரவள்ளியே போடலாம் என்கிறார். அப்புறம், ஊருக்கு வந்த இரண்டு பேர் என் மாமியாரிடம் இருக்கும் பழைய சாமை, தினை விதைகளில் ஒவ்வொரு பிடி கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்காம். ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அம்மா, அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

உங்கள் பயிரில் இருப்பது குருத்து ஈ. ஈயின் புழு தண்டுக்குள் இறங்கி வளரும் நுனியை அறுத்துவிடும். இழுத்து வந்த குருத்தின் அடியை முகர்ந்து பாருங்கள், அழுகல் வாடை அடிக்கும். குருத்து காய்ந்து நம் கண்ணில் படும்போது புழு தன் வேலையை முடித்திருக்கும். அதற்கு மேல் எதை அடித்தாலும் அந்தக் குருத்து திரும்ப வராது. பயிர் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தாக்குதல் உள்ளதை வேரோடு பிடுங்கிக் குழியில் புதைத்துவிடுங்கள். பயிர் இடைவெளி விட்டு இருக்கும் இடத்தில் விட்டுவையுங்கள், பக்கத்தில் தூர் வெடித்து ஓரளவு கதிர் வாங்கும். சொட்டை விழுந்த இடத்தில் புரட்டாசியில் கொள்ளு தூவுங்கள். இந்தப் போகத்துக்கு இதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்த வருஷம் முதல் மழைக்கே விதைத்துவிடுங்கள். ஈக்கூட்டம் பெருகுவதற்குள் பயிர் திடமாகிவிடும். தூவி விதைக்க ஏக்கருக்கு 5 கிலோ போதும் என்பார்கள், ஈத் தொல்லை உள்ள காட்டில் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பிறகு நெருக்கத்தைக் கலைத்துக்கொள்ளலாம். முளைத்த நாளிலிருந்து முப்பது நாள் வரை ஏக்கருக்கு ஐந்து கருவாட்டுப் பொறி, அதாவது கருவாட்டு வாடைக்கு ஈ வந்து விழும் பொறி, வையுங்கள். குருத்து ஈக்குச் சரியான விலைக்குக் கிடைக்கும் காவல் அதுதான்.

குருணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாக்கெட்டில் என்ன பெயர் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. போரேட் என்று இருந்தால், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அது இந்தியா முழுக்கத் தடை செய்யப்பட்ட மருந்து. வேறு ஏதாவது இருந்தாலும், பில் இல்லாமல், என்ன பயிர் என்ன வயது என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடையில் நீங்கள் யோசனை கேட்கக் கூடாது. அவருக்குச் சரக்கு போக வேண்டும், உங்கள் காடு அவர் கவலை இல்லை. சரிவு நிலத்தில் தூவிய குருணை மழை பெய்ததும் ஓடைக்குத்தான் போகும். அந்த ஓடைத் தண்ணீரை உங்கள் ஊரில் குடிக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். கடிதத்தின் தொடக்கத்தில் வீட்டில் விதை இல்லை என்கிறீர்கள். முடிவில், மாமியாரிடம் பழைய சாமையும் தினையும் இருக்கிறது, அதை யாரோ கேட்கிறார்கள் என்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் காட்டுக்கு என்ன ஆனது என்று தெரிந்துவிடும். வைகாசியில் கையில் விதை இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது. விதை பிந்தியது, விதைப்பு பிந்தியது, ஈ பிடித்துக்கொண்டது.

உங்கள் மலையில் ஒரு சாமையா இருந்தது? கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, திரிகுலசாமை என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்த மண்ணுக்கு எது, மழை முந்தினால் எது, பிந்தினால் எது என்ற கணக்கு வயதான பெண்களுக்கு மனப்பாடம். ஆடியில் விதைக்க நேர்ந்தாலும் அதற்கேற்ற சாமை எது என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். அதைக் கேட்காமல் கடையில் போய் வெறுமனே சாமை என்று கேட்டு வாங்கினீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்தின் ரகங்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஏடிஎல் 1 நல்ல சாமைதான். வேண்டுமானால் ஒரு மூலையில் போட்டு உங்கள் மண்ணில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஊர் விதையை ஒழித்துவிட்டு அதைப் போடாதீர்கள்.

மாமியார் வைத்திருக்கும் விதை ஒரு பிடியாக இருந்தாலும் போதும், வைகாசியில் வீட்டை ஒட்டிய நல்ல பாத்தியில் ரகம் ரகமாகத் தனித்தனியே போடுங்கள். அறுவடைக்கு முன் ஓரத்தை விட்டு நடுவில் போய், ஒரே சமயத்தில் முற்றிய, மணி கனத்த கதிர்களை மட்டும் கிள்ளுங்கள். களத்தில் மற்றதோடு கலக்காமல் தனியாகத் தட்டுங்கள். சாமைக்குச் சாமை பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், ஒரு தடவை கலந்துவிட்டால் மீட்க முடியாது. நன்றாகக் காயவைத்துச் சாம்பல் கலந்து, நொச்சித் தழை போட்டு மூடி வையுங்கள். அடுத்த போகம் பாத்தி காடாகும், அதற்கடுத்த போகம் ஊருக்கே கொடுக்கலாம்.

ஊருக்கு என்று சொன்னேனே, அதுதான் முக்கியம். ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் விதை ஒரு எலித் தொல்லையில், ஒரு கல்யாணச் செலவில் போய்விடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கி, ஊர் விதை வங்கி, மகளிர் குழு, உமி நீக்கும் இயந்திரம் என்று பல ஊர்களில் செய்தது. உங்கள் மலையிலேயே பக்கத்து நாடுகளில், அதாவது பக்கத்து ஊர்த் தொகுதிகளில், அந்தக் குழுக்களில் இருந்த பெண்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். ஊர்த் தொம்பை (தானியக் குதிர்) ஒன்றில் ரகத்துக்கு ஒரு பானை, ஒரு நோட்டு. ஒரு படி வாங்கினால் அறுவடையில் ஒன்றரைப் படியோ இரண்டு படியோ திருப்ப வேண்டும். சாவியும் நோட்டும் ஊர்ப் பெண்களிடம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நிறுவனம் எவ்வளவு நல்லதானாலும் சாவியை அவர்களிடம் கொடுக்காதீர்கள். திட்டம் முடிந்து அவர்கள் போகிற நாளில் விதையும் வேலையும் நின்றுவிடக் கூடாது.

இது நடக்காத காரியம் இல்லை. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கியில் உங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடி மக்களே இருக்கிறார்கள். 1993-இல் மருத்துவ சேவையாகத் தொடங்கிய வேலை, 2004-இல் இயற்கை விவசாயிகள் சங்கமாக விரிந்தது. சிறுதானியத்தை விவசாயிகளே சேர்த்து, சுத்தம் செய்து, பொட்டலமிட்டு விற்கிறார்கள். நீலகிரியில் கீஸ்டோன் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் பழங்குடி மக்களோடு பல வருஷம் தேனிலும் காட்டு விளைச்சலிலும் வேலை செய்தது. பிறகு 2013-இல் ஆதிமலை என்ற உற்பத்தியாளர் நிறுவனம் வந்தது. அதில் பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. உங்கள் நாட்டில் இரண்டு குழு சேர்ந்து கூப்பிட்டால் இவர்கள் வழி சொல்வார்கள்.

வீட்டுக்காரர் மரவள்ளி என்று சொல்வதன் காரணமும் எனக்குப் புரிகிறது. ரேஷனில் அரிசி கிடைக்கிறது, சாமையை உரலில் இடிக்க ஆளில்லை, மரவள்ளிக்கோ ஆலைக்காரர் லாரியோடு வருகிறார். சாமை குறைந்ததில் பாதிப் பழி அந்த உரலுக்குத்தான். உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் எங்கே ஓடுகிறது, இல்லாவிட்டால் உங்கள் குழுவுக்கு ஒன்று கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் பெண்களிடம் சாமை போடு என்று சொல்வது அநியாயம். மரவள்ளியைச் சரிவில் முழுக்கப் போட்டால் கிழங்கு தோண்டும்போதே மேல்மண் போய்விடும். 2020-இல் இந்தியாவுக்குள் வந்த புது மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளை என்ன பாடு படுத்தியது என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து 2022-இல் விட வேண்டியிருந்தது. சமமான துண்டில் கொஞ்சம் மரவள்ளி, சரிவில் சாமையும் ஊடே துவரையும். இதுவே என் யோசனை.

இனி அந்தக் கையெழுத்து. விதை கேட்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை. ஆனால் உங்கள் மாமியாரிடம் இருப்பது ஊரின் சொத்து. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி ஊர் ரகத்தை நீங்களே உங்கள் பெயரிலோ ஊர்ப் பெயரிலோ பதியலாம். உங்கள் ரகத்திலிருந்து வேறு ரகம் உருவாக்கிப் பதிய நினைப்பவர் உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். ரகங்களைக் காத்த சமூகத்துக்கு 10 லட்ச ரூபாய் விருதும் அந்தச் சட்டத்தின் கீழ் உண்டு.

அகத்தியமலைக் காணிப் பழங்குடி மக்களின் கதை தெரியுமா? 1987-இல் அவர்களோடு காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகள் ஒரு காயை மென்றபடி களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். அந்தக் காயின் செடியான ஆரோக்கியப்பச்சையிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அறக்கட்டளையும் வைத்தார்கள். பெரிய விஷயம்தான். அப்படியும், எங்களை முதலில் கேட்கவில்லையே என்று அவர்களில் பலருக்கு மனக்குறை இருந்தது.

ஆகவே வந்தவர்களிடம் நேராகக் கேளுங்கள்: எந்த நிறுவனம், எந்தக் கிடங்குக்கு விதை போகிறது, கொடுத்தவர் பெயரும் ஊரும் பதிவாகுமா, பலன் வந்தால் ஊருக்கு என்ன? பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள். கிராம சபையிலும், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிலும் வைத்துப் பேசி, ஊரின் செடி, விதைகளைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அந்த ரகங்களை ஏற்றிய பிறகு கொடுப்பதா வேண்டாமா என்று ஊர் முடிவு செய்யட்டும். கொடுத்தாலும் இருப்பில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். அந்தத் தாளின் நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அதுவரை மாமியார் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.