டிப்ரஷன் வசதியானவர்களுக்கு மட்டும் வருவதா?

"டிப்ரஷன் எல்லாம் படித்த, வசதியான நகரத்து ஆட்களுக்குத்தானே வருகிறது? உண்மையில் எத்தனை பேருக்கு இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ இருக்கிறது, சொந்தக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 33 கோடி பேருக்கு மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், இருக்கிறது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்தவர்கள் இருபதில் ஒருவர் என்றது அந்த ஆய்வு. பெருநகரங்களில் கூடுதல் என்று சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனால் பெண்களிடமும், 40 முதல் 49 வயதுக்காரர்களிடமும் அதிகம் என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. இதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

என் அம்மாவுக்கு அந்த வயதில்தான் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நிலம், ஆடுகள், நூறு நாள் வேலை. "மனசு சரியில்லை" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "மேலெல்லாம் வலிக்குது", "நெஞ்சு படபடன்னு வருது", "சோறு எறங்கல", இவ்வளவுதான். விடியற்காலை மூன்று மணிக்கே முழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார். ஆடு கத்தினாலும் எழுந்து போகமாட்டார். எங்களைவிட அந்த ஆடுகள்மேல் பாசம் வைத்திருந்தவர் அவர்.

இசிஜி, ஸ்கேன், தைராய்டு எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை என்று வந்ததும் அத்தை, "உடம்பு வணங்காம நடிக்கிறா" என்று சொல்லிவிட்டார். காலமெல்லாம் வெயிலில் களையெடுத்தவரைப் பார்த்து! பெரியம்மா கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவராவது அம்மா படுகிற பாட்டை நம்பினார்.

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு பொது மருத்துவர்தான் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த டாக்டரம்மா நெஞ்சுப் படபடப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "ராத்திரி எப்ப முழிப்பு வருதும்மா? முன்ன பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா? செத்துட்டா தேவலைன்னு தோணுதா?" கடைசிக் கேள்விக்கு அம்மா ஆமாம் என்று தலையசைத்ததும் எனக்குக் கைகால் வெலவெலத்துவிட்டது. மாத்திரை அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். மறுநாளே பலன் தெரியாது, சில வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் பசி. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனது அதற்கும் பிறகுதான்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எல்லோருக்கும் மாத்திரைதான் வழி என்றும் சொல்லவில்லை. லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஆனால் நடைப்பயிற்சி போனால் சரியாகிவிடும் என்று வாதாட வருபவர்கள், எழுந்து உட்காரவே முடியாத ஒரு மனுஷியிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

      

சொந்தக்காரர்கள் நம்பட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சாகிற பேச்சு வந்தால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.